முயலின் காதில் பிறந்த புற்று

லண்டனில் அந்தக் காலத்தில் புகைபோக்கிகளைத் துடைக்கச் சிறுவர்களைத்தான் உள்ளே ஏற்றுவார்கள். உடம்பெல்லாம் கரி அப்பிக்கொள்ளும். வளர்ந்து ஆளான பிறகு அவர்களில் சிலருக்கு விதைப்பையில் புற்று வந்தது. புகைக்கரிதான் காரணம் என்று 1775இல் எழுதினார் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட். அடுத்த நூற்றாண்டில் ஜெர்மனியின் ருடால்ஃப் விர்க்கோ, ஓயாத உறுத்தலே புற்றுக்கு வித்து என்றார். ஆனால் விலங்குகளிடம் சோதித்துப் பார்த்தவர்களால் புற்றை வரவழைக்க முடியவில்லை. சலித்துப்போய் விட்டுவிட்டார்கள்.

விர்க்கோவிடம் பயின்ற ஜப்பானியர் கட்சுசாபுரோ யாமாகிவா மட்டும் விடவில்லை. அவரே காசநோயாளி. டோக்கியோவில் உதவியாளர் கோயிச்சி இச்சிகாவாவோடு சேர்ந்து, முயல்களின் காதில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நிலக்கரித் தாரைத் தடவிக்கொண்டே இருந்தார், மாதக்கணக்காக.

மண்வெட்டி பிடித்த கை காய்த்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். தோலின் தற்காப்பு அது. வேலையை நிறுத்தினால் மெல்ல மறைந்துவிடும். முயலின் காதிலும் முதலில் அப்படித்தான் தோல் தடித்தது. பிறகு மரு எழும்பியது. சில மருக்களின் அடியில் செல்கள் வடிவமும் வரிசையும் கெட்டு, கீழே உள்ள திசுவுக்குள் வேர் பிடித்தன. ஆய்வுக்கூடத்தில் மனிதக் கை உண்டாக்கிய அந்தப் புற்றை 1915இல் இருவரும் உலகுக்கு அறிவித்தார்கள். மற்றவர்கள் நிறுத்திய இடத்தில் இவர்கள் நிறுத்தவில்லை. வெற்றியின் பெரும்பகுதி அதுதான் என்பேன்.

விர்க்கோ சொன்னது பாதிதான் சரி. வெறும் உறுத்தல் போதாது. செல்லின் மரபுப்பொருளையே கெடுக்கும் நஞ்சும் தாரில் இருந்தது. பென்சோபைரீன் என்ற அந்தப் பொருளை 1933இல் லண்டன் ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். அதைப் பார்க்க யாமாகிவா இல்லை, 1930இலேயே காலமாகிவிட்டார்.

புகையிலைப் புகையிலும் அதே பென்சோபைரீன் இருக்கிறது. மெல்லும் புகையிலையிலும் பாக்கிலும் வேறு நஞ்சுகள் உண்டு. நம் வாய்க்குள்ளும் பல நேரங்களில் தடிப்பு முதலில், புற்று பிறகு. இடையில் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் அவகாசம் கிடைக்கிறது. புகையிலையோ பாக்கோ போடுகிறவர் வீட்டில் இருந்தால், கன்னத்தின் உட்புறத்தை வெளிச்சத்தில் காட்டச் சொல்லுங்கள். தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டோ, இரண்டு மூன்று வாரமாக ஆறாத புண்ணோ தெரிந்தால் வலிக்கும்வரை காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.