ஸாலி: ஒரு டிரங்குப் பெட்டி விமானத்தின் வரலாறு

 

திருச்சுழிக்கு அருகிலுள்ள நம் பூர்வீக வீட்டின் பரணில் பாட்டனாரின் டிரங்குப் பெட்டி ஒன்று நெடுங்காலம் கிடந்தது. சென்ற ஆண்டு ஓடு மாற்றுவதற்காக அதை இறக்கினோம். பழைய கணக்கு நோட்டுகளுக்கும் ஒரு பர்மா லுங்கிக்கும் அடியில் கறுப்பு நிறத்தில் ஒரு சிறு விமானம் இருந்தது. சக்கரங்கள் இல்லை. இறக்கைகள் வெயிலில் காய்ந்த ஓலைபோல் முறுக்கியிருந்தன. அருகே கொண்டு சென்றால் காடியின் புளித்த வாடை வீசியது.

அதன் கதை நமக்குச் சிறு வயது முதலே தெரியும். 1942இல் ரங்கூனிலிருந்து கால்நடையாகத் திரும்பிய நன்னா, அங்கே வீழ்ந்த ஜப்பானிய விமானத்தின் தகட்டை உருக்கி வார்த்துக் கொண்டு வந்தது என்பார்கள். கலியாண வீடுகளில் சொல்லப்பட்ட கதை. மதரஸா மாணவர்களுக்கு நாமே ஓரிரு முறை சொல்லியிருக்கிறோம். ஆகவே அதை விசாரிக்கும் பொறுப்பும் நம்மையே சேர்ந்தது.

பொருள் உலோகமே அன்று. செல்லுலோஸ் அசிடேட் எனும் பழைய பிளாஸ்டிக் நாட்பட்டுச் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளிவரும். காடியின் புளிப்பும் அதுவே. இறக்கை முறுக்கிக் கொள்வதும் அந்தச் சிதைவினால்தான். அடிப்புறத்தில் ஆங்கிலத்தில் சில எழுத்துகள் அச்சாகியிருந்தன: ‘ஸாலி’ என்றொரு பெயர், 1/72 என்ற அளவு, 8-43 என்ற எண்.

பெயரை வாசித்த பிள்ளைகள், நன்னாவுக்கு ரங்கூனில் ஸாலி என்றொருத்தி இருந்தாளோ என்று கிசுகிசுத்தனர். தம் தரப்பைச் சொல்ல இயலாத ஒரு மவ்த்தானவர் மீது விழும் சந்தேகம் இது. அதை அப்படியே விட்டுவிட மனம் ஒப்பவில்லை.

ஸாலி பெண்ணல்ல. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய விமானங்களின் பெயர்கள் நேச நாட்டு வீரர்களின் வாயில் நுழையவில்லை. எனவே 1942இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் இருந்த ஃபிராங்க் மெக்காய் என்னும் அமெரிக்க அதிகாரியும் அவருடைய குழுவினரும் ஒரு முறையை வகுத்தனர். சண்டை விமானங்களுக்கு ஆண் பெயர். குண்டுவீச்சு விமானங்களுக்குப் பெண் பெயர். மிட்சுபிஷி நிறுவனத்தின் கி-21 என்ற குண்டுவீச்சு விமானத்திற்குக் கிடைத்த பெயரே ஸாலி.

சிறு உருவம் எதற்கு? வானில் வருவது நம்முடையதா, எதிரியுடையதா என்று நொடியில் அறியப் படைவீரர்களைப் பழக்குவதற்கு. 1942இன் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை, பள்ளி மாணவர்களைக் கொண்டு 5,00,000 மர உருவங்களைச் செதுக்க ஏற்பாடு செய்தது. பின்னர் சிகாகோவின் குரூவர் நிறுவனம் அவற்றைக் கறுப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்தது. 1/72 அளவில் செய்த உருவத்தை 35 அடி தொலைவில் பிடித்தால், ஏறக்குறைய அரை மைலில் பறக்கும் விமானம்போல் தெரியும். கி-21இன் இறக்கை அகலம் 22.5 மீட்டர், 72ஆல் வகுத்தால் 31 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். முறுக்கிய இறக்கை மீது நூல் பிடித்து அளந்தோம். சரியாக இருந்தது.

எஞ்சியது 8-43. அது 1943 ஆகஸ்டைக் குறிக்கிறது. நன்னா ஊர் திரும்பியதோ 1942இல். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் பாக்தாதில் ஓர் ஆவணம் வெளிப்பட்டது. கைபர்வாசிகளுக்கு நபி (ஸல்) அவர்கள் ஜிஸ்யா வரியிலிருந்து விலக்களித்ததாக அதில் எழுதியிருந்தது. அல்-கதீப் அல்-பக்தாதீ அதைப் பார்த்து, போலி என்றார். சாட்சியாகக் குறிக்கப்பட்ட முஆவியா (ரலி) இஸ்லாத்தைத் தழுவியது கைபருக்குப் பின், மக்கா வெற்றியின்போது. மற்றொரு சாட்சியான ஸஅத் இப்னு முஆத் (ரலி) கைபருக்கு முன்பே வஃபாத்தாகிவிட்டார். இதை ஆண்டுதோறும் நாம் பாடமாக நடத்துகிறோம். நம் வீட்டுப் பெட்டிக்கும் அந்த அளவுகோல் பொருந்தும் என்று மட்டும் தோன்றியதில்லை!

எண்பதைக் கடந்த நம் குப்பியிடம் இதைச் சொல்லத் தயங்கினோம். சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான்: “அப்ப அத்தா நடந்து வந்தது பொய்யாப்பா?”

இல்லை. அது பொய்யாக வாய்ப்பில்லை. மழை பொய்த்தால் பிழைப்பும் பொய்க்கும் கரிசல் பூமி இது. அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்து மக்கள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் பர்மாவுக்கும் சென்றார்கள். 1931ஆம் ஆண்டுக் கணக்கின்படி ரங்கூன் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்களே. 1941 டிசம்பர் 23இலும் 25இலும் அந்நகரின் மீது குண்டுகள் விழுந்தன. முதல் நாளிலேயே ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1942 மார்ச் 8இல் நகரம் வீழ்ந்தது. சுமார் ஐந்து இலட்சம் இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். பலர் அரக்கான், அஸ்ஸாம் மலைப்பாதைகளில் காலராவிலும் பசியிலும் மடிந்தனர்.

ரங்கூன் மீது குண்டு வீசியவற்றுள் முதன்மையானது கி-21, அதாவது ஸாலி.

இதைக் கேட்ட குப்பி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “சின்னத்தா கயத்தாறு ஏரோட்ரோமுல சமையல் கூலிக்குப் போனாரு. சண்டை முடிஞ்சு அங்கன சாமானெல்லாம் ஏலம் விட்டாகளாம்” என்றார். போர்க்காலத்தில் கயத்தாற்றிலும் செட்டிநாட்டிலும் விமானத் தளங்கள் இருந்தது உண்மை. அங்கே எவரோ, ‘உன் அண்ணன் ஊரில் குண்டு போட்டது இதுதான்’ என்று சொல்லிச் சின்னத்தாவிடம் கொடுத்திருக்கலாம். ரங்கூனில் குண்டு போட்ட விமானம், சொல்லிச் சொல்லி, ரங்கூனிலிருந்து வந்த விமானமாக மாறியிருக்க வேண்டும். இது நம் ஊகமே. கதையைப் புனைந்தவர் என்று எவரையும் கைகாட்ட இதில் இடமில்லை.

துபாயில் உள்ள தம்பி மகன், இதற்கு நல்ல விலை கிடைக்கும் என்கிறான். இப்போதைக்கு அதைப் பருத்தித் துணியில் சுற்றி, வெப்பம் தாக்காத அலமாரியில் வைத்திருக்கிறோம். உடன் வைக்க ஒரு தாளில் பெயர், அளவு, ஆண்டு ஆகியவற்றை எழுதினோம். கதையின் பிழையையும் மறைக்காமல் குறித்தோம்.

குப்பி தாளை வாங்கிப் பார்த்தார். அத்தாவோடு ரங்கூனிலிருந்து புறப்பட்டு, ஊர் வந்து சேராத இருவரின் பெயர்களைச் சொல்லி, அவற்றையும் எழுதச் சொன்னார். எழுதினோம்.