ஸ்வெர்த்லோவ்ஸ்க், 1979: காற்றில் வந்ததா, இறைச்சியில் வந்ததா?

1979 ஏப்ரல் தொடக்கத்தில், யூரல் மலைப் பகுதியிலுள்ள ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகரின் தென்பகுதியில் (இந்நகரின் இன்றைய பெயர் யெகாதெரின்பர்க்) கடுங்காய்ச்சலும் மூச்சுத்திணறலும் கண்டு பலர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுவரப்பட்டனர். நிமோனியா என்றே முதலில் கருதப்பட்டது. வந்தவர்களுள் பலர் ஓரிரு நாளில் இறந்தனர். அவர்களுள் ஒருவரின் உடலைக் கூறாய்வு செய்த நோயியல் மருத்துவர் ஃபைனா அப்ரமோவா, மூளையைப் போர்த்தியிருந்த சவ்வு குருதிக் கசிவால் செந்நிறத் தொப்பி போலத் தோற்றமளிப்பதைக் கண்டார். ஆய்வகச் சோதனை ஆந்த்ராக்ஸ் என்று உறுதி செய்தது. நம் ஊர்களில் கால்நடை வளர்ப்போர் 'அடைப்பான்' என்று அஞ்சும் நோய் அது.

நோயின் பெயர் தெரிந்துவிட்டது. அது வந்த வழி தெரியவில்லை. உயிரியல் ஆயுதங்களைக் கண்டறிவதிலுள்ள இடர்ப்பாடு முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. நச்சு வாயு வீசப்பட்டால் சில நிமிடங்களில் மனிதர் சரிவர்; இடமும் நேரமும் தாமே வெளிப்படும். ஆந்த்ராக்ஸ் நுண்வித்துகளுக்கு நிறமில்லை, மணமில்லை. ஸ்வெர்த்லோவ்ஸ்க்கில் சிலருக்கு நோய் வெளிப்பட ஆறு வாரம் வரை ஆயிற்று. அதற்குள் காற்று எப்போதோ கடந்துபோயிருந்தது. மேலும், அந்நோய் இயற்கையிலும் வருவது. ஆகவே, நோயுற்ற மாட்டின் இறைச்சியை உண்டதே காரணம் என்று சோவியத் அரசு கூறியபோது அதை உடனே மறுக்க எவராலும் இயலவில்லை. உயிரியல் ஆயுதங்களைத் தடை செய்யும் 1972ஆம் ஆண்டு உடன்படிக்கையில் அந்நாடு கையொப்பமிட்டிருந்தது. ஆனால், ஐயம் எழுந்தால் நேரில் சென்று சோதிக்கும் ஏற்பாடு எதுவும் அவ்வுடன்படிக்கையில் இல்லை. இன்றளவும் இல்லை.

உளவுத்துறை மருத்துவமனைப் பதிவேடுகளை எடுத்துச் சென்றது. ஆயினும் அப்ரமோவாவும் அவருடன் பணியாற்றிய லெவ் கிரின்பர்கும் 42 உடல்களின் திசுத் துண்டுகளையும் குறிப்புகளையும் ஏறத்தாழ பதின்மூன்று ஆண்டுகள் பாதுகாத்து வைத்திருந்தனர். வழக்கின் உயிர்நாடி அதுவே. பெரும்பாலான உடல்களில் குடலிலும் குருதிக் கசிவு இருந்தது. இறைச்சிக் கதை நம்பத்தக்கதாகத் தோன்ற அதுவே போதும். ஆனால், நுண்வித்துகள் மூச்சுடன் சென்றால் அவை நுரையீரலிலிருந்து மார்பின் நடுவேயுள்ள நிணநீர்க் கணுக்களை அடைந்து அங்கே முளைக்கும். 42 உடல்களிலும் அக்கணுக்கள் சிதைந்திருந்தன. குடலைச் சார்ந்த கணுக்களோ சிலரிடம் மட்டுமே பாதிக்கப்பட்டிருந்தன. நோய் மூச்சின் வழியே வந்தது என்று உடல்களே கூறின.

எங்கிருந்து வந்தது என்பதை வேறொரு சான்று காட்டியது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மேத்யூ மெசல்சன், இறைச்சி விளக்கம் ஏற்கத்தக்கதே என்று 1980களில் கருதியவர். அப்படிக் கருதியவரே 1992இல் ஒரு குழுவுடன் நேரில் சென்று சரிபார்த்தார் என்பது குறிப்பிடத்தக்கது. குழுவிலிருந்த சமூகவியலாளர் ஜீன் கில்லமின் இறந்தோரின் குடும்பங்களைத் தேடிச் சென்று, ஏப்ரல் முதல் வாரத்தில் அவர்கள் பகற்பொழுதில் எங்கிருந்தனர் என்று விசாரித்தார். இடுகாட்டுக் கல்லறைகளில் பொறித்திருந்த இறப்புத் தேதிகளும் உதவின. கிடைத்த இடங்களை வரைபடத்தில் குறித்தபோது, பெரும்பாலானவை ஒரு குறுகிய பட்டைக்குள் அடங்கின. 19ஆம் எண் இராணுவ வளாகத்தில் தொடங்கிய அப்பட்டை, தெற்கு நோக்கி நகர எல்லை வரை சுமார் 4 கிலோமீட்டர் நீண்டது. அதே நேர்கோட்டில், 50 கிலோமீட்டர் தொலைவு வரையுள்ள சிற்றூர்களில் கால்நடைகள் மடிந்திருந்தன. பழைய வானிலைப் பதிவுகளின்படி, வடக்கிலிருந்து அக்கோட்டின் வழியே காற்று வீசிய நாள் ஏப்ரல் 2, திங்கட்கிழமை. இறைச்சி இவ்வாறு காற்றின் திசையில் பரவாது.

1979இல் அம்மாகாணக் கட்சித் தலைவராக இருந்த போரிஸ் யெல்த்சின், இராணுவ நடவடிக்கைகளே காரணம் என்று 1992இல் ஒப்புக்கொண்டார். குறைந்தது 66 பேர் இறந்திருந்தனர். வெளியேறிய நுண்வித்துகள் ஒரு கிராமுக்கும் குறைவாகவே இருக்கக்கூடும் என்பது மெசல்சன் குழுவின் கணக்கு. அதனினும் மிகுதி என்போரும் உளர்.

அப்ரமோவா மெழுகில் பதித்து வைத்த அத்திசுக்களிலிருந்து 2016இல் அக்கிருமியின் மரபணுத்தொகுதி முழுமையாக வாசிக்கப்பட்டது. மருந்துகளுக்கு அடங்காதவாறு அது மாற்றப்பட்டதற்கான தடயம் ஏதுமில்லை. இயற்கையில் காணும் வகைகளோடு மிக நெருங்கியதாகவே அது இருந்தது.