எலுமிச்சைச் சாறும் ஏழரையும்

டொராண்டோவில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு சித்திரையில் தொலைபேசியில் அழைத்தார். நலம் விசாரித்து முடித்ததும் சற்றுத் தயங்கி, "ஐயா, வீட்டில் கஞ்சா நாற்று வைத்திருக்கிறேன்" என்றார். நான் திடுக்கிட்டதை உணர்ந்திருக்க வேண்டும். கனடாவில் 2018 அக்டோபர் முதல் அது சட்டபூர்வமானது என்றும், ஒண்டாரியோ மாநிலத்தில் ஒரு வீட்டுக்கு நான்கு செடிகள் வரை வளர்க்கலாம் என்றும் உடனே விளக்கினார். (நம் நாட்டில் அரசின் அனுமதியின்றி அதைப் பயிரிடுவது 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.) அவருடைய கவலை சட்டத்தைப் பற்றியதன்று, தண்ணீரைப் பற்றியது. மண்புழு உரமும் மட்கிய இலையும் கலந்த நல்ல இயற்கை மண்ணில்தான் விதை போட்டிருந்தார். முளைத்தவை இரண்டாம் இணை இலை விட்டதும் வெளிறத் தொடங்கின. பிஎச் கருவி ஒன்றை வாங்கிக் குழாய்த் தண்ணீரில் விட்டுப் பார்த்தால் ஏழரை காட்டியது. ஆறரைக்குக் கீழே இருக்க வேண்டும் என்று யாரோ சொல்லக் கேட்டு, நாள்தோறும் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணை இறக்கி, அந்தத் தண்ணீரை ஊற்றி வந்திருக்கிறார். நாற்றுகள் மேலும் வாடின. "ஏழரை பிடித்துவிட்டது ஐயா" என்று சிரித்தார்.

தமிழாசிரியனிடம் கேட்கிற சங்கதியா இது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் இன்னொன்று கேட்டார். "இந்த எண்ணை யார் கண்டுபிடித்தார்கள்? மண்ணைப் பார்த்தா கண்டுபிடித்தார்கள்?" அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. சில மாதங்கள் நூலகத்தில் அலைந்து படித்ததன் பயனே இக்கட்டுரை.

எண் வருவதற்கு முன்னால் நாக்கு இருந்தது. ரோமானியக் கவிஞர் வர்ஜில், உழவைப் பாடுபொருளாகக் கொண்ட தம் நெடுங்கவிதையில் மண்ணைச் சோதிக்கும் முறை ஒன்றைச் சொல்கிறார். பிரம்புக் கூடையில் அந்த நிலத்து மண்ணை நிரப்பி, நல்ல ஊற்றுநீரை விட்டு மிதித்து, வடிந்து விழும் சொட்டுகளைச் சுவைத்துப் பார்க்க வேண்டும். மண் கெட்டதாயின் சுவைப்பவரின் வாய் கோணும். கி.பி. முதல் நூற்றாண்டில் வேளாண்மை நூல் எழுதிய கொலுமெல்லாவும் இதையொத்த முறையைக் கூறுகிறார். கவிதையும் உழவுக் கையேடும் ஒரே சோதனையைச் சொல்கின்றன என்பதில் எனக்கொரு தனி மகிழ்ச்சி. ஆயினும் நாக்குக்கு எட்டுவது உப்பும் கசப்பும்தான். நாற்றைக் கெடுக்கும் அளவு அமிலம் மண்ணில் இருந்தாலும் நாக்கில் அது புளிக்காது.

இங்கே நம் மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. களர், உவர் என்று கார, உப்பு நிலங்களுக்குத் தமிழில் பழஞ்சொற்கள் உண்டு. வள்ளுவர் கல்லாதவரைக் களர்நிலத்தோடு ஒப்பிடுகிறார். சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணைக் கொண்டே துணி வெளுத்தனர். ஆனால் அமில நிலத்துக்கு இப்படி ஆழ வேரூன்றிய ஒரு சொல்லைப் பழைய நூல்களில் நான் கண்டதில்லை. ஆங்கிலேய உழவரோ புளித்த நிலம் என்று இயல்பாகப் பேசிவந்தார்கள். காரணம் மழை என்பது என் துணிபு. ஓயாது மழை பெய்யும் நாட்டில் சுண்ணாம்புச் சத்து அரித்துப்போய் மண் புளிக்கிறது. வெயில் காயும் நாட்டில் உப்பு மேலே தங்கிவிடுகிறது. மொழி தன் மண்ணைத்தான் பேசும். நீலகிரித் தேயிலை மண் அமில மண்தான். ஆனால் நம் இலக்கியச் சொற்கள் சமவெளியில் பிறந்தவை.

நாக்குக்கு அடுத்து வந்தது பூ. 1664இல் வெளிவந்த நிறங்கள் பற்றிய தம் நூலில் இராபர்ட் பாயில், ஊதாப்பூச் சாறு அமிலம் பட்டால் சிவப்பாகவும் காரம் பட்டால் பச்சையாகவும் மாறுவதை விவரித்தார். லிட்மஸ் சாயம், நம் சமையலறைக் கல்பாசிக்கு உறவான ஒருவகைப் பாறைப்பாசியிலிருந்து எடுக்கப்பட்டது. இதில் நாம் வியக்க ஒன்றுமில்லை. மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பைச் சேர்த்ததும் ஆரத்தி சிவக்கிறதே, அதுவும் இதே வேதியியல்தான். வாசலில் மணமக்களுக்குச் சுற்றி ஊற்றிய ஒவ்வொரு தட்டும் ஒரு காரச் சோதனை. நாம் அதைத் திருஷ்டி என்றோம், பாயில் நூல் எழுதினார்.

ஆனாலும் பூவோ பாசியோ மண்ணை ஏன் திருத்த வேண்டும், எவ்வளவு திருத்த வேண்டும் என்று சொல்லவில்லை. அந்தக் கதை அமெரிக்காவின் வர்ஜீனியாவில், சற்றுக் கசப்பான ஒரு மனிதரிடம் தொடங்குகிறது. எட்மண்ட் ரஃபின் ஒரு பண்ணையார். தலைமுறைகளாகப் புகையிலையும் சோளமும் போட்டுச் சோர்ந்த நிலம் அவருக்கு வந்து சேர்ந்தது. எரு போட்டும் பயனில்லை. ஹம்ஃப்ரி டேவியின் வேளாண் வேதியியல் நூலைப் படித்தபோது, தம் நிலத்தில் சுண்ணாம்பே இல்லை, அமிலம் இருக்கிறது என்று ஐயம் கொண்டார். அந்நிலங்களில் தழைத்த புளிப்பான களைச்செடி அவருடைய ஐயத்தை வலுப்படுத்தியது. அப்பகுதியில் பூமிக்கடியில் தொல்பழங்காலக் கிளிஞ்சல்கள் மண்டிய படுகைகள் உண்டு. 1818இல் அதைத் தோண்டிச் சோள வயலில் பரப்பினார். விளைச்சல் ஏறக்குறைய 40 சதவீதம் கூடியது. 1832இல் வெளிவந்த அவருடைய சுண்ணாம்பு உரம் பற்றிய நூல் அமெரிக்க மண்ணியலின் தொடக்க நூல்களில் ஒன்று. அமில மண்ணில் எரு மட்டும் போட்டால் நிற்காது, முதலில் அமிலத்தைத் தணிக்க வேண்டும் என்பது அவர் கண்டது.

நிற்க. தோண்டியது யார்? ரஃபின் தோண்டவில்லை. அந்தக் கிளிஞ்சல் மண்ணை வெட்டியதும் சுமந்ததும் வண்டி வண்டியாக இறைத்ததும் அவருடைய அடிமைகள். நிலம் சோர்ந்துபோனால் அடிமைமுறையும் சோர்ந்துபோகும் என்பதனாலேயே நிலத்தைக் காப்பாற்றத் துடித்தவர் அவர். பிற்காலத்தில் அடிமைமுறைக்காகத் தென்மாநிலங்கள் பிரிந்துபோக வேண்டும் என்று வெறியோடு வாதிட்டார். 1861இல் சம்டர் கோட்டையின் மீது குண்டு வீசியவர்களில் ஒருவர். தோற்றபின் 1865 ஜூனில் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். மண்ணியல் நூல்கள் பல அவரை ஒரு பத்தியில் போற்றிவிட்டுக் கடந்துவிடுகின்றன. மண்ணின் புளிப்பைக் கண்டுகொண்டவரின் கண்ணுக்கு அதை வெட்டிய கை தெரியவில்லை என்பதை அந்தப் பத்தியில் சேர்ப்பதற்கு ஒரு வரி போதும்.

இனி எண். அது பிறந்த இடம் வயல் அன்று, மதுபான ஆலை. கோபன்ஹேகனில் பீர் காய்ச்சிய ஜே. சி. யாக்கோப்சன் 1875இல் தம் கார்ல்ஸ்பர்க் ஆலையோடு ஓர் ஆய்வகத்தைத் தொடங்கினார். அதன் வேதியியல் பிரிவுக்கு 1901இல் தலைவராக வந்தவர் சோரன் சோரன்சன். நொதிகள் வேலை செய்வதும் செய்யாதிருப்பதும் கரைசலில் உள்ள ஹைட்ரஜன் அயனியின் அளவைப் பொறுத்தது என்று கண்டார். அந்த அளவோ தசமப் புள்ளிக்குப் பின் சுழியங்கள் வரிசையாக நிற்கும் மிகச் சிறிய எண். எழுதவே அலுப்பு. எனவே 1909இல் பத்தின் அடுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு குறியீட்டை உருவாக்கினார். பிஎச் பிறந்தது. ஏழு நடுநிலை, கீழே இறங்கினால் அமிலம், மேலே ஏறினால் காரம், ஒரு படி என்பது பத்து மடங்கு. ஏழரையிலிருந்து ஐந்தரைக்கு இறக்குவது சிறு திருத்தம் போலத் தெரியும், ஆனால் நூறு மடங்கு. அந்த 'பி' எந்தச் சொல்லின் முதலெழுத்து என்பதை அவர் தெளிவாகச் சொல்லவில்லை. டேனிஷ், ஜெர்மன், பிரெஞ்சு மூன்றிலும் அடுக்கைக் குறிக்கும் சொல் அவ்வெழுத்திலேயே தொடங்குவதால் சர்ச்சை இன்றும் ஓயவில்லை. உரையாசிரியர்கள் இல்லாத துறை எது?

அதே 1909ஆம் ஆண்டுக் கட்டுரையில் சோரன்சன் இன்னொன்றையும் கையாண்டிருக்கிறார். அமிலமோ காரமோ சிறிது சேர்ந்தாலும் எளிதில் நிலை மாறாத கரைசல்கள். நம் பாடநூல்கள் இவற்றைத் தாங்கல் கரைசல் என்கின்றன. யார் ஆக்கிய கலைச்சொல்லோ, அருமையான சொல். தொண்டை நாட்டில் தாங்கல் என்றால் நீரைத் தாங்கி நிற்கும் ஏரி. வேடந்தாங்கல் நினைவுக்கு வருகிறதல்லவா? மாணவரின் நாற்றுக்கு எண்ணைவிட இந்தச் சொல்தான் முக்கியம் என்று பிறகு தெரிந்தது.

அந்த எண் உழவரிடம் போய்ச் சேருமுன்பே, அமெரிக்க வேளாண் துறைத் தாவரவியலாளர் ஃபிரெடெரிக் கோவில் வேறு வழியில் அதே வாசலுக்கு வந்திருந்தார். காட்டில் விளையும் புளூபெர்ரியை வீட்டுக்குக் கொண்டுவர 1906இல் முயன்றார். வளமான தோட்டமண், நன்கு மட்கிய எரு என எல்லா மரியாதையும் செய்து வைத்தார். செடிகள் நலிந்தன. அமிலம் நிறைந்த கரிச்சதுப்பு மண்ணில் வைத்ததும் செழித்தன. எல்லோரும் நல்ல மண் என்று சொல்வது எல்லாச் செடிக்கும் நல்ல மண் அன்று என்ற செய்தியை 1910இல் அரசு வெளியீடாகப் பதிப்பித்தார். அதைப் படித்துவிட்டு நியூஜெர்சியிலிருந்து எலிசபெத் வைட் என்ற பெண்மணி கடிதம் எழுதினார். இருவரும் சேர்ந்து 1916இல் முதல் விற்பனை விளைச்சலை எடுத்தார்கள். நல்ல எரு ஊட்டப்பட்டு மடிந்த அந்தச் செடிகளைப் பற்றிப் படித்தபோது அன்பால் பிள்ளையைக் கெடுக்கும் தாய்தந்தையர் சிலர் என் நினைவுக்கு வந்தார்கள்.

மாணவர் கையில் இருந்த கருவியின் கதை வேடிக்கையானது. 1934இல் கலிபோர்னியாவில் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க வழி தேடிய ஒரு வேதியியலாளர், தம் பழைய கல்லூரித் தோழர் அர்னால்ட் பெக்மேனிடம் வந்தார். பாதுகாப்புக்காகச் சேர்த்த கந்தக டை ஆக்சைடு லிட்மஸை வெளுத்துவிட்டது. பெக்மேன் கண்ணாடி மின்முனையோடு மின்னணுப் பெருக்கியைச் சேர்த்து ஒரு பெட்டியில் அடைத்துக் கொடுத்தார். எலுமிச்சைச் சாற்றை அளக்கப் பிறந்த கருவியின் வழித்தோன்றலைப் பார்த்துப் பார்த்துத்தான் என் மாணவர் தண்ணீரில் எலுமிச்சைச் சாற்றை விட்டுக்கொண்டிருந்தார்.

நாற்றுகளுக்கென்று தனியாக யோசித்தவர்கள் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்து வில்லியம் லாரன்சும் ஜான் நியூவெலும். 1930களில் தொட்டி நாற்றுகள் காரணம் புரியாமல் மடிந்துவந்தன. ஒவ்வொரு தோட்டக்காரரும் ஒவ்வொரு கலவையை இரகசியமாக வைத்திருந்தார்கள். இவர்கள் பல ஆண்டுகள் சோதித்து, விதைப்பதற்கு இரண்டு பங்கு வண்டல், ஒரு பங்கு கரிச்சதுப்புத் தூள், ஒரு பங்கு மணல், கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட், அதில் பாதியளவு சுண்ணத்தூள் என்று முடிவுசெய்து, 1939இல் நூலாகவே வெளியிட்டுவிட்டார்கள். காப்புரிமை இல்லை, யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். கவனிக்க வேண்டியது, புளிப்பை அவர்கள் மண்ணிலேயே சரிசெய்தார்கள்.

1940களில் விஸ்கான்சினில் எமில் ட்ரூவோக் ஒரு வரைபடம் வெளியிட்டார். எந்த எண்ணில் எந்தச் சத்து வேருக்குக் கிடைக்கும் என்று காட்டும் அந்தப் படத்தின் நகல் இன்று உலகெங்கும் வேளாண் அலுவலகச் சுவர்களில் தொங்குகிறது. ஆறுக்கும் ஏழுக்கும் இடையே எல்லாம் நலம் என்று அது சொல்கிறது. ஆனால் அது தாது மண்ணுக்கானது. மட்கு மிகுந்த மண்ணில் அந்த நல்ல இடம் ஏறத்தாழ ஒரு படி கீழே இருக்கிறது என்று மிச்சிகனைச் சேர்ந்த லூக்காஸும் டேவிஸும் 1961இல் காட்டினார்கள். அந்தப் படம் அவ்வளவாகச் சுவரேறவில்லை.

இப்போது மாணவரிடம் திரும்புவோம். மண்ணில்லாமல் நீரிலேயே வளர்க்கும் முறையில் வேரைச் சூழ்ந்திருப்பது ஊட்டநீர் மட்டுமே. தாங்குவதற்கு வேறொன்றும் இல்லை. அங்கே தண்ணீரின் எண்ணை நாள்தோறும் பார்ப்பது கட்டாயம். அறைக்குள் கஞ்சா வளர்த்தவர்களில் பலர் அம்முறையினர். அவர்கள் வழக்கம் மண்ணில் வளர்ப்பவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. மட்கோ ஒரு தாங்கல். ஒரு குவளை தண்ணீர் ஏழரையாக வந்தால் என்ன, ஆறாக வந்தால் என்ன, மண் அதைத் தன் நிலைக்கு இழுத்துக்கொள்ளும். நெடுநாளில் மண்ணை மாற்றுவது எண்ணைக் காட்டிலும் தண்ணீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டின் அளவு. எட்டு காட்டும் சப்பைத் தண்ணீர் மண்ணை அசைக்காமல் போகலாம். ஏழரை காட்டும் கடினநீர் மாதக்கணக்கில் ஊற்ற ஊற்ற மண்ணைக் காரமாக்கலாம். கருவி இந்த வேறுபாட்டைக் காட்டாது. எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சில நாளில் தின்று தீர்த்துவிடும் என்பது கூடுதல் செய்தி.

வங்காளத்தின் நவ்காவ்ன் பகுதி (இன்று வங்கதேசம்) பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசின் உரிமத்தோடு கஞ்சா விளைந்த நிலம். 1893-94இல் அரசு அமைத்த ஆணையம் அங்கும் விசாரணை நடத்தியது. மேட்டுப்பாங்கான நாற்றங்காலில் விதைத்து, வளர்ந்ததும் பிடுங்கி நட்டு, சாணமும் புண்ணாக்கும் இட்டார்கள். ஆண்செடிகளைக் கண்டறிந்து நீக்கவே தனி வல்லுநர்கள் இருந்தார்கள். சோரன்சனின் எண்ணுக்கு அப்போது இன்னும் பதினைந்து ஆண்டுகள் இருந்தன.

இவற்றில் பாதியை மாணவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "தம்பி, தண்ணீரை விடுங்கள், மண்ணை அளந்தீர்களா?" என்று கேட்டேன். அளக்கவில்லை. மண்ணைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து அளந்தபோது ஆறரையை ஒட்டி இருந்ததாம். குறையொன்றும் இல்லை. உண்மைக் காரணம் பிறகு தெரிந்தது: இளநாற்றுக்குத் தாங்காத அளவு மண்புழு உரமும், எண் பார்க்கும் ஆர்வத்தில் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஊற்றிய நீரும். மூன்று நாற்றுகள் போய்விட்டன. நான்காவது, சன்னலோரம் தள்ளி வைத்து மறந்துபோனது, புரட்டாசியில் இடுப்பளவு வளர்ந்து நின்ற படத்தை அனுப்பியிருந்தார்.