வெளிநாட்டில் டாக்சி, வாடகை வாகனச் செயலி: ஏறும் முன் சரிபார்க்க வேண்டியவை

புதுதில்லி: வெளிநாட்டு விமான நிலையத்தில் வந்திறங்கும் பயணி முதலில் எடுக்கும் முடிவுகளில் ஒன்று, தங்கும் விடுதிக்கு எந்த வாகனத்தில் செல்வது என்பதாகும். மொழி தெரியாத, நாணயம் பழகாத, பல நேரங்களில் கைப்பேசியில் இணைய இணைப்பும் கிடைக்காத அந்த வேளையையே ஏமாற்றுவோர் எதிர்பார்த்திருக்கின்றனர்.

ஆபத்து பண இழப்போடு நின்றுவிடுவதில்லை. அமெரிக்காவின் தென் கரோலினா மாகாணம், கொலம்பியா நகரில் 2019 மார்ச் மாதம் கல்லூரி மாணவி ஒருவர், தாம் ஊபர் செயலியில் பதிவு செய்த வாகனம் என நினைத்து வேறொரு காரில் ஏறினார். பின்னர் அவர் கொலை செய்யப்பட்டார். அச்சம்பவத்துக்குப் பிறகு, "என் பெயர் என்ன?" என்று ஓட்டுநரிடம் கேட்குமாறு வலியுறுத்தும் விழிப்புணர்வு இயக்கம் அந்நாட்டில் பரவியது.

அக்கேள்வியின் பயன் எளிதானது. "நீங்கள்தான் குமாருக்காக வந்தவரா?" என்று கேட்டால், எவரும் "ஆம்" என்று கூறிவிட முடியும். "யாரை அழைத்துச் செல்ல வந்துள்ளீர்கள்?" என்று கேட்டால், முன்பதிவு பெற்ற ஓட்டுநரால் மட்டுமே சரியான பெயரைக் கூற இயலும். அதற்கு முன்பே வாகனப் பதிவெண், காரின் வகை, ஓட்டுநரின் படம் ஆகிய மூன்றையும் செயலியுடன் ஒப்பிட வேண்டும். பதிவெண் பொருந்தாவிடில், ஓட்டுநர் எந்த விளக்கம் அளித்தாலும் ஏறக்கூடாது. சில செயலிகளில் பயணத் தொடக்கத்துக்கு ரகசிய எண் கேட்கும் வசதி உண்டு. அதனை முன்கூட்டியே இயக்கி வைப்பது நல்லது.

முன்பதிவை ரத்து செய்துவிட்டு ரொக்கமாகத் தருமாறு ஓட்டுநர் கேட்பதும் உண்டு. கட்டணம் குறைவாகத் தோன்றினாலும் இதற்கு இணங்கக்கூடாது. ரத்து செய்த கணத்திலேயே பயணம் செயலியின் பதிவிலிருந்து விலகிவிடுகிறது. பாதை கண்காணிப்பும் புகார் அளிக்கும் வழியும் அத்துடன் முடிந்துவிடும்.

இந்தியாவிலேயே செய்ய வேண்டியவை

ஊபர் நிறுவனம் தென்கிழக்கு ஆசிய வணிகத்தை 2018-இல் கிராப் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டது. எனவே சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, வியட்நாம் செல்வோருக்கு இந்தியாவில் பயன்படுத்தும் ஊபர் செயலி உதவாது, கிராப் தேவைப்படும். துபாயில் ஊபருடன் கரீம் செயலியும் உள்ளது. புதிய செயலியில் கணக்குத் தொடங்க ஓடிபி அவசியம். வெளிநாட்டு சிம் கார்டுக்கு மாறிய பின், இந்திய எண்ணுக்கு வரும் ஓடிபி கிடைக்காமல் போகலாம். ஆகவே பதிவைப் புறப்படும் முன்பே முடித்துவிட வேண்டும்.

வங்கி அட்டையிலும் ஒரு சிக்கல் உண்டு. இந்திய ரிசர்வ் வங்கியின் 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை தொடக்கத்தில் முடக்கப்பட்டே இருக்கும். வாடிக்கையாளரே அதனை இயக்க வேண்டும். ஆயினும் சிறிதளவு உள்ளூர் ரொக்கம் கையில் இருப்பது அவசியம்.

ஊருக்கு ஊர் மாறும் நடைமுறை

பாங்காக் சுவர்ணபூமி விமான நிலையத்தின் தரைத்தளத்தில் அதிகாரப்பூர்வ டாக்சி வரிசை உள்ளது. அங்குள்ள இயந்திரம் தரும் சீட்டை இறுதிவரை வைத்திருக்க வேண்டும். புகார் அளிக்க அதுவே ஆதாரம். மீட்டர் தொகையுடன் 50 பாட் விமான நிலையக் கட்டணமும் விரைவுச்சாலைச் சுங்கமும் சேரும். இது முறையான வசூலே என்பதால் ஓட்டுநருடன் வாதிட வேண்டியதில்லை. மீட்டரை இயக்க மறுத்தால் இறங்கிவிடலாம்.

வியட்நாமில் குழப்பம் நாணயத்தால் ஏற்படுகிறது. 20,000 டோங், 500,000 டோங் தாள்கள் இரண்டும் நீல நிறச் சாயலில் இருப்பதால், இரவு நேரத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுத்துவிட நேரிடும். டாக்சி மீட்டர்களில் கடைசி மூன்று பூஜ்ஜியங்கள் காட்டப்படாததும் வழக்கம்: 45 என்றிருந்தால் 45,000 டோங் என்று பொருள்.

லண்டனில் சாலையில் கைகாட்டி நிறுத்தத்தக்கவை உரிமம் பெற்ற கறுப்பு டாக்சிகள் மட்டுமே. மினிகேப் எனப்படும் தனியார் வாடகைக் கார்களுக்கு முன்பதிவு கட்டாயம். முன்பதிவின்றி "வாருங்கள்" என அழைப்பவர் சட்டத்தை மீறுகிறார்.

இறங்கும்போதும் கவனம் தேவை. ஐக்கிய அரபு அமீரகம், வியட்நாம், அமெரிக்கா மற்றும் ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் வாகனங்கள் சாலையின் வலப்புறம் செல்கின்றன. இந்தியப் பழக்கத்தில் இடக் கதவைத் திறந்தால் ஓடும் வாகனங்களுக்கு நடுவே இறங்க நேரிடும். அங்கெல்லாம் நடைபாதை வலப்பக்கமே இருக்கும்.

பயண விவரத்தைச் செயலி வழியாகக் குடும்பத்தினருக்குப் பகிர்வது ஒரு நிமிட வேலை. அவசர உதவிக்குத் தாய்லாந்தில் சுற்றுலாக் காவல்துறையின் 1155, வியட்நாமில் 113, சிங்கப்பூர், மலேசியா, அமீரகம், பிரிட்டனில் 999, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112, அமெரிக்காவில் 911 ஆகிய எண்களை அழைக்கலாம். இவற்றுடன், செல்லும் நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தின் தொலைபேசி எண்ணையும் காகிதத்தில் எழுதிக் கைப்பையில் வைத்திருப்பது, கைப்பேசி அணைந்துவிட்டால் உதவும்.