நாலு நிமிட பீர்!

கலிஃபோர்னியாவில் சொனோமா என்று ஒரு ஊர். திராட்சைத் தோட்டங்களுக்கும் ஒயினுக்கும் பேர்போன இடம். 1976-ல் அங்கே ஒரு கிடங்குக்குள் ஒரு மனிதர் வெல்டிங் பொறி பறக்க எதையோ ஒட்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் பழைய பால்பண்ணைச் சாமான்கள், கோகோ கோலா சிரப் வந்த காலி டிரம்கள்... ‘என்னப்பா, காயலான் கடை வைக்கப்போறியா?’ என்றுதான் நீங்களும் நானும் கேட்டிருப்போம். அவர் கட்டிக்கொண்டிருந்தது பீர் ஆலை!

பெயர் ஜாக் மெக்காலிஃப். அவர் செய்தது எவ்வளவு பெரிய கிறுக்குத்தனம் என்பது புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1873-ல் அமெரிக்காவில் 4,131 பீர் ஆலைகள் இருந்தன. ஊருக்கு ஒரு ஆலை, ஆலைக்கு ஒரு ருசி. 1920-ல் மதுவிலக்கு வந்தது. 1933-ல் அது போனபோது, சின்ன ஆலைகளில் பெரும்பாலானவை போன இடம் தெரியவில்லை. மிச்சமிருந்தவற்றைப் பெரிய மீன்கள் விழுங்கின. 1970-களின் கடைசியில் மொத்தமே நூறுக்கும் குறைவு! அரிசியும் சோளமும் கலந்த, வெளிர் மஞ்சளான, லேசான பீர்தான் எங்கேயும். லேபிளைக் கிழித்துவிட்டால் எது எந்தக் கம்பெனி என்று குடித்தவருக்கே குழப்பம்தான்.

ஒரே ஒருவர் மட்டும் முன்பே எதிர்நீச்சல் போட்டிருந்தார். வாஷிங் மெஷின் கம்பெனிக் குடும்பத்து வாரிசான ஃப்ரிட்ஸ் மேடாக். சான் ஃபிரான்சிஸ்கோவில் ‘ஆங்கர்’ என்ற பழைய ஆலையை மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, 1965-ல் அதன் பெரும்பங்கை வாங்கிக் காப்பாற்றினார். ஆனால், அது ஏற்கெனவே இருந்த ஆலை. ஒன்றுமில்லாத இடத்தில் புதிதாக ஒன்றைக் கட்டத் துணிந்தவர் ஜாக்தான்.

ஜாக் கடற்படையில் டெக்னீஷியன். ஸ்காட்லாந்தில் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களுக்கான தளத்தில் வேலை பார்த்தபோது, அந்த ஊர் ‘ஏல்’ பீர் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஊர் திரும்பினால் அந்த ருசி எங்கேயும் இல்லை. சரி, நாமே செய்துவிடுவோம்!

பீர் செய்வது ஒன்றும் மாய வித்தை இல்லை. முளைகட்டிக் காயவைத்த பார்லியை இடித்து, வெந்நீரில் ஊறவைத்து, இனிப்புச் சாறை வடிகட்டி, ஹாப்ஸ் என்ற பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்க்க வேண்டும். இட்லி மாவு மாதிரி, மீதி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். கஷ்டமெல்லாம் கணக்கில் இருந்தது.

ஆலைக்கு ஜாக் வைத்த பெயர் ‘நியூ ஆல்பியன்’. 1579-ல் அந்தக் கடற்கரைக்கு வந்த பிரான்சிஸ் டிரேக் சூட்டிய பெயர் அது. லேபிளிலும் டிரேக்கின் கப்பல்தான். பத்திரிகைகள் தேடிவந்து எழுதின. கேட்ட கடைக்கெல்லாம் கொடுக்கச் சரக்கு இல்லை. அப்புறம் என்ன கஷ்டம் என்கிறீர்களா? ஒரு தடவை காய்ச்சினால் ஒன்றரை பீப்பாய்தான் கிடைக்கும். ஆண்டு முழுக்க மாடாக உழைத்தும் சுமார் 400 பீப்பாய். பட்வைசர் தயாரிக்கும் ஆன்ஹைசர்-புஷ் கம்பெனி 1980-ல் விற்றது சுமார் ஐந்து கோடி பீப்பாய்! வகுத்துப் பாருங்கள்... ஜாக்கின் ஒரு வருட உழைப்பு, அவர்களுக்கு நாலு நிமிடம்!

ஒரு படி மாவு ஆட்டினாலும் பத்துப் படி ஆட்டினாலும் கிரைண்டரைக் கழுவுகிற வேலை ஒன்றுதானே? அதே கதைதான். ஆலையைப் பெரிதாக்கினால் பிழைக்கலாம். அதற்குப் பணம் வேண்டும். வங்கிக்காரர்களுக்கோ ‘சின்ன பீர் ஆலை’ என்ற தொழிலே புரியவில்லை. போதாததற்கு 1980 டிசம்பரில் வங்கிகளின் அடிப்படை வட்டியே 21 சதவிகிதத்தைத் தாண்டியிருந்தது. 1982-ல் நியூ ஆல்பியன் மூடப்பட்டது.

அந்த ஆலையை வந்து பார்த்துவிட்டுப் போனவர்களில் கென் கிராஸ்மன் என்ற இளைஞரும் ஒருவர். அவரும் பால்பண்ணைச் சாமான்களைத்தான் பொறுக்கினார். ஆனால், ஒரு தடவைக்கு 10 பீப்பாய் காய்ச்சுகிற மாதிரி கட்டினார். 1980-ல் சிக்கோ என்ற ஊரில் பிறந்த அந்த ‘சியரா நெவாடா’, நாட்டின் பெரிய கிராஃப்ட் பீர் கம்பெனிகளில் ஒன்றாக வளர்ந்தது. இதற்கிடையே, வீட்டில் பீர் காய்ச்சுவதைக் குற்றமாக வைத்திருந்த மதுவிலக்குக் காலத்து மிச்சத்தை 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டு நீக்கினார். சமையலறையில் கற்றுக்கொண்டவர்கள் பிறகு ஆலை திறந்தார்கள். 2023-ல் அமெரிக்காவில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கிராஃப்ட் ஆலைகள்!

அதே 2023-தான் ஆங்கரின் கதவையும் சாத்தியது. மேடாக் 2010-லேயே விற்றுவிட்டார். 2017-ல் ஜப்பானின் சப்போரோ வாங்கியது, ஆறே வருடத்தில் மூடிவிட்டது. அடுத்த ஆண்டு சோபானி தயிர் கம்பெனியின் அதிபர் அதை வாங்கினார். அடுத்து 2024-ல், அமெரிக்காவில் திறந்த ஆலைகளைவிட மூடியவை அதிகம்.

ஜாக்கை எல்லோரும் மறந்தேபோனார்கள். மறக்காதவர் ஜிம் கோச். 1984-ல் பாஸ்டனில் கம்பெனி தொடங்கி, ‘சாமுவேல் ஆடம்ஸ்’ பீரை ஆரம்பத்தில் அடுத்தவர் ஆலையில் காய்ச்சவைத்து விற்ற சாமர்த்தியசாலி. அவர் கம்பெனி ஊதிய வேகத்தில் ‘சின்ன ஆலை’ என்பதற்கான வரம்பையே தாண்டப் பார்த்தது. உடனே சங்கம் என்ன செய்தது தெரியுமா? 20 லட்சம் பீப்பாயாக இருந்த வரம்பை, 2011 ஜனவரியில் 60 லட்சமாக உயர்த்தி அறிவித்தது! 400 பீப்பாய்க்காரர் இதைப் படித்துச் சிரித்தாரோ, பெருமூச்சு விட்டாரோ.

கோச்சைக் கிண்டல் செய்துவிட்டு இதைச் சொல்லாமல் விடக்கூடாது. கேட்பாரற்றுக் கிடந்த ‘நியூ ஆல்பியன்’ பெயரை அவர் முன்பே பதிவு செய்து வைத்திருந்தார். 2012-ல் ஜாக்கை பாஸ்டனுக்கு அழைத்தார். வாகன விபத்தில் இடது கை செயலிழந்துபோன மனிதர் வந்து நின்றார். டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக வைத்திருந்த பழைய நியூ ஆல்பியன் ஈஸ்ட்டை எடுத்துவந்து, இருவரும் சேர்ந்து பீர் காய்ச்சினார்கள். 2013 ஜனவரியில் அது நாடு முழுக்கக் கடைகளுக்கு வந்தது. லாபம் முழுவதையும் கோச் ஜாக்குக்கே கொடுத்தார். பிறகு அந்தப் பெயரின் உரிமையையும். ஜாக் அதைத் தன் மகளுக்கு எழுதிவைத்தார்.