அப்பாவின் மாத்திரையும் ஓர் ஆட்டுச்செடியும்

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க, பொட்டி தட்டுறவன். இதைப் படிச்சுட்டு யாரும் மாத்திரையை மாத்திடாதீங்க.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். காலை ஏழு மணிக்கு அப்பா வெறும் வயித்துல ஒரு டம்ளர் பாகற்காய் ஜூஸ் குடிச்சார். கையோட சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கிட்டு பேப்பரோட உட்கார்ந்துட்டார். அன்னிக்குன்னு பார்த்து டிபன் லேட். எட்டரைக்குப் பார்த்தா பேப்பர் நடுங்குது, சட்டை வேர்வையில நனைஞ்சிருக்கு. மீட்டர்ல 54! அம்மா ஓடிப்போய் சர்க்கரைத் தண்ணி கரைச்சுக் கொடுத்தாங்க. கால் மணி நேரத்தில் தெளிஞ்சவர் சொன்ன முதல் வார்த்தை, "எல்லாம் அந்த இங்கிலீஷ் மாத்திரைதாண்டா. பாகற்காய் இயற்கை, அது ஒண்ணும் பண்ணாது."

மாத்திரை அட்டைகளைத் திருப்பிப் பார்த்தேன். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, டபாகிளிஃப்ளோசின். இந்த மூணுல ரெண்டு, செடி வழி வந்த வம்சம். அப்பாகிட்ட சொன்னா நம்பலை. சரி, கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோம்.

கலேகா அஃபிசினாலிஸ்னு ஐரோப்பாவில் ஒரு பழைய மருந்துச்செடி. அதோட இங்கிலீஷ் பேரிலேயே ஆடு இருக்கு, ஆனா நிறைய மேய்ஞ்சா செம்மறி ஆடே செத்துப்போகும். அதில் இருக்கும் கலிஜின், குவானிடின் வகையைச் சேர்ந்தது. குவானிடின் ரத்த சர்க்கரையை இறக்கும்னு 1918ல் விலங்குகளிடம் சோதித்து வாட்டனபி சொன்னார். நேரடியா கொடுக்க முடியாது, விஷம். 1922ல் டப்ளினில் வெர்னரும் பெல்லும் அதே குடும்பத்து மெட்ஃபார்மினை ஆய்வகத்தில் செய்துவிட்டார்கள். ஆனா அதே வருஷம் ஜனவரியில்தான் டொரண்டோவில் 14 வயசு லியோனார்ட் தாம்சனுக்கு இன்சுலின் போட்டாங்க. சாகக் கிடந்த பையன் எழுந்து உட்கார்ந்ததும் உலகமே இன்சுலின் பின்னாடி ஓடிருச்சு. மெட்ஃபார்மின் அலமாரிக்குப் போயிருச்சு.

1926ல் சின்தாலின்னு இன்னொரு உறவுக்காரர் வந்தார். சர்க்கரை இறங்கியது, கூடவே ஈரலும் கெட்டது. கைவிட்டார்கள். 1957ல் பாரிஸ் டாக்டர் ழான் ஸ்டெர்ன்தான் மெட்ஃபார்மினைத் தூசு தட்டி நோயாளிகளுக்குக் கொடுத்தார். இவர் இளம் டாக்டரா இருந்தப்பவே கலிஜினைப் பரிசோதித்தவர். மருந்துக்கு வெச்ச பேர் குளூக்கோஃபாஜ், அதாவது சர்க்கரை தின்னி :-) இடையில ஃபென்ஃபார்மின்னு ஒரு தம்பி, ரத்தத்தில் லாக்டிக் அமிலத்தை ஏத்தி ஆளையே கொன்னதால் 1977ல் அமெரிக்காவில் நிறுத்தினாங்க. தம்பி பண்ணின தப்புக்கு அண்ணன் மேலயும் சந்தேகம். அமெரிக்கா மெட்ஃபார்மினுக்கு அனுமதி கொடுத்தது 1994ல்தான்!

டபாகிளிஃப்ளோசின் கதை ஆப்பிள் மரத்துப் பட்டையில் ஆரம்பிக்குது. 1835ல் அதிலிருந்து ஃப்ளோரிசின் எடுத்தாங்க. கசப்பா இருக்கே, காய்ச்சலுக்கு ஆகும்னு நினைச்சாங்க. 1886ல் வான் மேரிங் அதைக் கொடுத்துப் பார்த்தா, சர்க்கரை சிறுநீரில் கொட்டுது. சர்க்கரையை ரத்தத்துக்குத் திருப்பி அனுப்பும் சிறுநீரக வழியை அது அடைக்குதுன்னு பின்னாடிதான் புரிஞ்சுது. ஃப்ளோரிசின் குடலிலேயே உடைஞ்சு போகும், அதனால மூலக்கூறை மாத்திக் கட்டினாங்க. 2012ல் ஐரோப்பாவில் அனுமதி. 2014ல் மெட்ஃபார்மினையும் இதையும் ஒரே மாத்திரையில் சேர்த்தாங்க. ஆட்டுச்செடியும் ஆப்பிள் மரமும் ஒரே வில்லைக்குள்ள!

அப்போ பாகற்காய்? 1979லேயே லான்செட் இதழில் ஒரு குறிப்பு வந்திருக்கு. குளோர்ப்ரோபமைடு சாப்பிட்டுக்கிட்டிருந்த ஒரு பெண்மணி, பாகற்காயும் பூண்டும் போட்ட கறி சாப்பிட்டப்ப சிறுநீர்ச் சர்க்கரை எதிர்பார்த்ததைவிட இறங்கிருச்சாம். அப்பா சாப்பிடுற கிளிமிபிரைடுக்கு குளோர்ப்ரோபமைடு பெரியப்பா முறை. ரெண்டுமே கணையத்தை உசுப்பி இன்சுலின் சுரக்க வைக்கிற ஜாதி, நீங்க சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும். அன்னிக்கு 54க்கு ஜூஸ் மட்டுமே காரணம்னு நான் சொல்லமாட்டேன், டிபன் லேட்டானதும் சேர்த்திதான். ஆனா ரெண்டு பேர் ஒருத்தருக்கொருத்தர் சொல்லாம ஒரே ஃபைலை எடிட் பண்ணினா என்ன ஆகும்னு என் டீம்ல தினமும் பார்க்கிறேன். மாத்திரையில் எத்தனை மில்லிகிராம்னு அட்டையில இருக்கு. டம்ளர்ல எவ்வளவுன்னு அம்மாவுக்கே தெரியாது, காய்க்குக் காய் மாறும்.

"ஜூஸ் குடிக்கிறதை டாக்டர்கிட்ட சொன்னீங்களாப்பா?"

"திட்டுவாருடா."

மறுநாள் நானே கூட்டிட்டுப் போனேன். டாக்டர் திட்டலை. எத்தனை நாளா, எவ்வளவுன்னு கேட்டு சீட்டில் எழுதிக்கிட்டார். கிளிமிபிரைடு பாதியாச்சு, ஜூஸ் நின்னது, பாகற்காய் பிட்லையா தட்டுக்குத் திரும்பியது.

திரும்பி வர்ற வழியில ஆட்டோவில் அப்பா மெதுவா கேட்டார், "ஏண்டா, அந்த ஆட்டுச்செடி நம்ம ஊர் நர்சரியில கிடைக்குமா?"

ஆடு செத்த கதையை மறுபடி முதல்லேருந்து ஆரம்பிச்சேன்.