ஃபிரெடெரிக் முலன்பர்க்

ஃபிரெடெரிக் அகஸ்டஸ் கான்ராட் முலன்பர்க் (1 ஜனவரி 1750 – 4 ஜூன் 1801) அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையின் முதல் சபாநாயகர். லுத்தரன் குருவானவராக இருந்து அரசியலுக்கு வந்தவர்.

பென்சில்வேனியாவின் டிராப் ஊரில் பிறந்தார். தந்தை ஹென்றி மெல்கியோர் முலன்பர்க், அமெரிக்காவில் சிதறிக் கிடந்த ஜெர்மானிய லுத்தரன் சபைகளை ஒழுங்குபடுத்தியவர். 1742இல் அவரை அங்கு அனுப்பிவைத்தது ஜெர்மனியின் ஹாலே நகர மிஷன். தமிழருக்கும் பழக்கமான இடம்தான் அது: 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு ஹாலேயில் பயின்றவர். தந்தை தம் மகன்கள் மூவரை 1763இல் அங்கேயே படிக்க அனுப்பினார். அவர்களில் ஒருவரான ஃபிரெடெரிக், 1770இல் ஊர் திரும்பி ரெடிங் நகரில் குருப்பட்டம் பெற்றார். சில ஆண்டுகள் பென்சில்வேனியாவிலும், 1774 முதல் நியூயார்க்கிலும் ஊழியம் செய்தார்.

அண்ணன் பீட்டரும் குருவானவர். பிரிட்டனுக்கு எதிரான அமெரிக்க விடுதலைப் போர் மூண்டதும் அவர் 1776இல் படைப்பிரிவு ஒன்றின் தலைமையை ஏற்றார். போதகருக்குப் போர்க்களத்தில் என்ன வேலை என்று கடிந்து எழுதினார் தம்பி. குருவானவரும் இந்நாட்டின் குடிமகன்தானே, சுதந்திரம் அவருக்கும் உரியதல்லவா என்று அண்ணன் பதில் அனுப்பினார். அதே ஆண்டு பிரிட்டிஷ் படை நியூயார்க்கை நெருங்க, ஃபிரெடெரிக் குடும்பத்தோடு பென்சில்வேனியாவுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. 1779இல், அமெரிக்க மாநிலங்களின் பொது அவையான கண்ட மாநாட்டின் (Continental Congress) உறுப்பினரானார், ஊழியத்தை விட்டார். அண்ணனைக் கண்டித்தவரே அரசியலில் இறங்கியதைத் தடுமாற்றம் எனக் கொள்ளத் தேவையில்லை. போர் வீட்டு வாசலுக்கு வந்தபின் எடுத்த முடிவு அது.

பென்சில்வேனியச் சட்டமன்றத்தின் சபாநாயகராகவும், அரசியலமைப்பை ஏற்ற 1787ஆம் ஆண்டின் மாநில மாநாட்டுக்குத் தலைவராகவும் இருந்தார். 1 ஏப்ரல் 1789 அன்று பிரதிநிதிகள் அவை அவரைச் சபாநாயகராகத் தேர்ந்தெடுத்தது. உரிமைகள் சாசனத்தின் மூலப்படியில் அவருடைய கையொப்பம் உள்ளது. மூன்றாம் காங்கிரசிலும் (1793–1795) அப்பதவியை வகித்தார்.

அவருடைய துணிவுக்குச் சோதனை 1796 ஏப்ரலில் வந்தது. பிரிட்டனுடன் செய்துகொண்ட ஜே உடன்படிக்கையை மக்களில் பலர் வெறுத்தனர். அதை நிறைவேற்ற நிதி ஒதுக்குவது பற்றி பிரதிநிதிகள் அவை உறுப்பினர் அனைவரும் அடங்கிய முழு அவைக் குழுவில் நடந்த வாக்கெடுப்பு 49க்கு 49 எனச் சமமாக நின்றது. குழுத் தலைவராக இருந்த முலன்பர்க் ஆதரவாக வாக்களித்தார். சில நாட்களில் சொந்த மைத்துனரே அவரைக் கத்தியால் குத்தினார். உயிர் தப்பினாலும், 1797 மார்ச்சோடு அவருடைய காங்கிரஸ் வாழ்வு முடிந்தது. ஆயினும் பிரிட்டனுடன் உடனே இன்னொரு போர் மூளாமல் தவிர்த்ததில் அந்த வாக்குக்குப் பங்குண்டு. அவர் செய்த பொதுப்பணிகளில் தலையாயது அதுவே.

லான்காஸ்டரில் காலமானார். டிராப்பில் அவர் வாழ்ந்த வீடு ‘சபாநாயகர் இல்லம்’ என்ற பெயரில் பாதுகாக்கப்படுகிறது.